சின்னப் பாட்டியும் சயாம் ரயிலும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும். "ஊட்டி ரயில், ஊட்டி ரயில்" என்று குழந்தைகள் நம்மைப் பிய்த்து எடுத்துவிடுகிறார்கள், அல்லவா? நீங்களும் ஒரு முறையாவது மேட்டுப்பாளையத்தில் அந்தச் சின்னஞ்சிறு வண்டியில் ஏறி, ஜன்னல் ஓரத்து இடத்துக்குச் சண்டை போட்டு, குகை வந்ததும் குழந்தைகளோடு சேர்ந்து நீங்களும் 'ஓ'வென்று கத்தியிருப்பீர்கள். கத்தாதவர்கள் இருந்தால் அடுத்த முறை கத்திப் பாருங்கள். அந்தச் சுகத்துக்கு வயது கிடையாது!

அந்த ரயில் எப்படி மலை ஏறுகிறது என்று குழந்தைகள் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? சுலபமாகச் சொல்லிவிடலாம். கல்லாறு ஸ்டேஷன் தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஆரம்பமாகும். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல் சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி, நாம் ஏணியில் கால் வைத்து ஏறுகிற மாதிரி ஏறும். சுவிட்ஜர்லாந்து தேசத்து ஆப்ட் என்பவர் கண்டுபிடித்த முறை இது. எஞ்சின் பெட்டிகளை முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. பன்னிரண்டு அடி தூரம் போவதற்குள் ஓர் அடி உயரம் ஏறுகிற சரிவுகள் அங்கே உண்டு. சாதாரண ரயில் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கி நின்றுவிடும்.

அந்தப் பாதை முழுவதும் 46 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள்! மலைக்கு ரயில் விட வேண்டும் என்ற யோசனை 1854-லேயே பிறந்துவிட்டது. 1891 ஆகஸ்டில்தான் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். இடையில் கம்பெனி திவாலாயிற்று. வேறொரு கம்பெனி வந்து வேலையை முடித்து, 1899 ஜூனில் குன்னூர் வரைக்கும் வண்டி விட்டது. உதகமண்டலத்துக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 1908 அக்டோபரில். யோசனை பிறந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் 54 வருஷம். ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு, பேரன் பேத்தி எடுக்கிற காலம்!

மலையில் ரயில் போடுவது என்றால் அப்படித்தான். பாறை நம் அவசரத்துக்கு வழி விடுவதில்லை. மழை நம்மிடம் தேதி கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இப்போது இன்னொரு மலை ரயிலின் கதையைச் சொல்லப் போகிறேன். அதன் நீளம் 415 கிலோமீட்டர். நம் ஊட்டி ரயிலைப் போல ஒன்பது மடங்கு. அதைப் போட்டு முடிக்க எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 1942-ஆம் வருஷத்தின் நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபர் 17-ஆம் தேதி இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். பதினைந்து, பதினாறு மாதம்தான்! "அடேயப்பா, என்ன சாமர்த்தியம்!" என்று ஆச்சரியப்படாதீர்கள். அந்த ஆச்சரியத்துக்கு விலை கொடுத்தவர்களில் ஒருவர் எங்கள் வீட்டு மனிதர்.

செங்கற்பட்டுச் சீமையில் உத்திரமேரூர் என்று சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் அல்லவா? அந்த ஊருக்கு மேற்கே, ஏரிக்கரை ஓரத்துக் கிராமம் ஒன்று எங்களுடையது. இன்றைக்கும் உத்திரமேரூரில் ரயில் ஸ்டேஷன் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் மதுராந்தகமோ, செங்கற்பட்டோ, காஞ்சீபுரமோ போக வேண்டும். ரயில் சத்தமே கேட்காத அந்த ஊரில், ரயில் என்ற வார்த்தையைக் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுகிற ஒரு ஸ்திரீ இருந்தாள். அவள்தான் எங்கள் சின்னப் பாட்டி. என் பாட்டியின் உடன்பிறந்த தங்கை.

சின்னப் பாட்டியின் புருஷன் 1937-ல் மலாயாவுக்குப் போனார். இரண்டு வருஷம் ஏரி நிரம்பவில்லை. இருந்த கொஞ்சம் நிலமும் அடமானத்தில் இருந்தது. "ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிற வேலை, மூன்றே வருஷத்தில் கடனை அடைத்துவிட்டுத் திரும்பி விடலாம்" என்றான் ஒரு கங்காணி. மாட்டு வண்டியில் மதுராந்தகம் போய் ரயில் ஏறி, ஆவடியில் இருந்த முகாமில் சில நாள் தங்கி, சென்னைத் துறைமுகத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினார். கண் தெரியாத மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் சின்னப் பாட்டி ஊரிலேயே தங்கிவிட்டாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

இரண்டு மாதத்துக்கு ஒரு மணியார்டர் வந்துகொண்டிருந்தது. கூடவே யாரிடமாவது சொல்லி எழுதி வாங்கிய நாலு வரிக் கடிதமும் வரும். 1941-ஆம் வருஷம் கார்த்திகை மாதம் கடைசிக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு கடலுக்கு அப்பாலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை.

வராததற்குக் காரணம் உலகத்துக்கே தெரியும். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் மாதத்தில் ரங்கூனும் விழுந்தது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு அரிசியும் குண்டும் அனுப்பியாக வேண்டும். மலாயாவைச் சுற்றிக்கொண்டு போகும் கடல் வழியிலோ எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் காத்துக்கொண்டிருந்தன. ஆகவே தரை வழியாக, சயாம் தேசத்துப் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரையில் ஒரு ரயில் பாதை போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். அந்த வழியை வெள்ளைக்காரர்கள் முந்தின நூற்றாண்டிலேயே அளந்து பார்த்து, "நமக்கு வேண்டாம்" என்று விட்டுவிட்டவர்கள். வழி நெடுகப் பெருங்காடு, மூங்கில் புதர், செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, மலேரியாக் காய்ச்சல். வருஷத்தில் பாதி நாள் விடாத மழை.

ஊட்டியைப் போல உயரமான மலை அல்ல அது. பாதை பெரும்பாலும் குவாய் நொய் என்ற ஆற்றின் கரையை ஒட்டியே போயிற்று. ஆனால் ஆறு வளையும் இடத்தில் பாறை குறுக்கே நின்றது. ஓடை வந்து சேரும் இடத்தில் பள்ளம் வாயைத் திறந்தது. பள்ளத்தை நிரப்ப மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். காட்டு மரத்தை வெட்டி 600-க்கும் மேற்பட்ட பாலங்கள் கட்டினார்கள். பாறையில் ஒருவன் உளியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் சம்மட்டியால் அடித்துத் துளை போட்டு, வெடி வைத்துப் பிளந்தார்கள். தண்டவாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மலாயாவின் கிழக்குக் கரையில் ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதையையே பெயர்த்துக் கொண்டு வந்து போட்டார்கள். பெரிய ஆற்றின் மேல் போட்ட இரும்புப் பாலம் ஜாவாவிலிருந்து வந்தது.

கொன்யூ என்ற இடத்தில் ஒரு பாறைக் கணவாய் இருக்கிறது. அங்கே குகை குடைந்திருக்கலாம். ஆனால் குகையை இரண்டு முனைகளில் மட்டும்தானே குடைய முடியும்? பாறையை மேலிருந்து வெட்டிக்கொண்டு இறங்கினால் நூற்றுக்கணக்கான பேரை ஒரே சமயத்தில் வேலை வாங்கலாம் அல்லவா? அந்தக் கணக்குப் போட்டு மேலிருந்தே வெட்டினார்கள். இரவிலும் தீவட்டி வெளிச்சத்தில் வேலை நடந்தது. மேலே நின்று பார்த்தவர்களுக்கு அது நரகம் போல் தெரிந்ததாம். 'நரக நெருப்புக் கணவாய்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

வேலைக்கு ஆள்? பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் போதவில்லை. பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், சீனர்கள், சயாம்காரர்கள் எல்லாரும் கொண்டு வரப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து மட்டும் 75,000-க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள்.

முதலில் "சில மாத வேலைதான், தினக்கூலி உண்டு, அரிசி உண்டு" என்று நைச்சியமாகச் சொல்லி அழைத்தார்கள். ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் மூடிக் கிடந்த காலம். அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்கானவர்கள் நம்பிப் போனார்கள். முதலில் போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் தயங்கியதும் பலவந்தம் ஆரம்பித்தது. இலவச சினிமா என்று கூட்டிக் கொட்டகையின் கதவை மூடி, வாசலில் நின்ற லாரியில் ஏற்றிப் போனதாகப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடைக்குப் போனவன், கோயிலுக்குப் போனவன், வேலியோரம் நின்றவன் என்று கண்டவர்களையெல்லாம் பிடித்தார்கள். சில குடும்பங்கள் பிரிய மனமில்லாமல் குழந்தை குட்டிகளோடு புறப்பட்டன. மூடிய சரக்கு வண்டியில் நாலைந்து நாள் பிரயாணம்; பான்போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டு வழியில் கால்நடை.

தோட்டத்தில் தனியாக நின்ற பெண்களை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கை அவித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டு, கிழிந்த புடவைக்கு மாற்று இல்லாமல் கோணியைச் சுற்றிக்கொண்டு, "இன்று வருவார், நாளை வருவார்" என்று வாசலைப் பார்த்தபடி மூன்று வருஷத்தைக் கழித்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் சின்னப் பாட்டியும் அதே வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1943-ஆம் வருஷம் ஆரம்பத்திலேயே "சீக்கிரம், சீக்கிரம்" என்று மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. மழையோடு காலராவும் வந்தது. யுத்தக் கைதிகளுக்காவது அவர்களுக்குள்ளேயே டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், மலக்குழியைத் தள்ளி வெட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்த அதிகாரிகள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு யார் இருந்தார்கள்? டாக்டர் இல்லை, மருந்து இல்லை, கேட்பதற்கு நாதி இல்லை. தமிழர் முகாம்களில் வாந்திபேதி காட்டுத் தீயாய்ப் பரவியது. இறந்தவர்களைக் குழியில் போட்டார்கள், எரித்தார்கள். இன்னும் உயிர் இருந்தவர்களையும் சேர்த்தே போட்டார்கள் என்று பிழைத்தவர்கள் சொல்லக் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது.

அந்தப் பாதையில் இறந்த யுத்தக் கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படுகிற கணக்கு. இரண்டையும் கூட்டி 415-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 240 பேருக்கு மேல் வருகிறது!

1946-ல், எங்கள் பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவர் கப்பலில் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக, ஒரு காலில் ஆறாத புண்ணோடு வந்தாராம். சின்னப் பாட்டி அவரைத் தேடிக்கொண்டு நாலு மைல் நடந்து போனாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார் என்று என் பாட்டி சொல்வாள்.

"பான்போங்குல எறங்கறப்ப ஒண்ணாத்தான் இருந்தோம் அண்ணி. அப்புறம் அவர மேல காட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த முகாம்ல போனவங்க யாருமே..."

"அவரு சாவறத நீ பாத்தியா தம்பி?"

"இல்ல அண்ணி."

"பாத்தவங்கள நீ பாத்தியா?"

"இல்ல அண்ணி."

"அப்போ நீ வாய மூடிக்க."

அவ்வளவுதான். எழுந்து வந்துவிட்டாள். ஊர்ப் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? "பொட்டை அழித்துவிடு, தாலியை எடுத்துவிடு" என்று ஒரு கட்சி, "சேதி தெரியாமல் எப்படி எடுப்பது?" என்று ஒரு கட்சி. பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லாவிட்டால் இறந்தவராக எண்ணிக் காரியம் செய்துவிடலாம் என்று ஒருவர் சாஸ்திரம் சொன்னார். சின்னப் பாட்டி ஒரே பதில்தான் சொன்னாள்: "யாராச்சும் வந்து, இன்ன நாள்ல இன்ன எடத்துல போனாருன்னு சொல்லட்டும். எடுத்துடறேன்."

அந்த நாளையும் இடத்தையும் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. நம் வீடுகளில் ஒரு சாவு நடந்தால் அழுது தீர்க்கப் பதினாறு நாள் இருக்கிறது. திதி கொடுக்க வருஷத்தில் ஒரு நாள் இருக்கிறது. சின்னப் பாட்டிக்கு அழவும் நாள் இல்லை. திதிக்கும் நாள் இல்லை. கல்யாண வீட்டில் அவளுக்கு மஞ்சள் குங்குமம் கொடுப்பதா வேண்டாமா என்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்ற பெண்களை நானே சிறு வயதில் பார்த்திருக்கிறேன். சின்னப் பாட்டி தானே கை நீட்டி எடுத்துக்கொள்வாள். யாருக்கும் 'கூடாது' என்று சொல்லத் துணிவு வந்ததில்லை.

எனக்குக் கல்யாணமாகி, என் கணவருக்கு அருவங்காட்டில் உத்தியோகம் ஆனபோது, 1978-ல் சின்னப் பாட்டியை வற்புறுத்தி அழைத்துப் போனேன். மேட்டுப்பாளையத்தில் வண்டி ஏறும் வரைக்கும் முரண்டு. ஏறிய பிறகு ஒரு பேச்சும் இல்லை. முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹில்குரோவ் தாண்டிய பிறகு, பாறையை நெட்டுக்குத்தாக வெட்டிய ஓர் இடத்தில் வண்டி ஊர்ந்தது. கையை நீட்டினால் பாறை தொட்டுவிடும். அதில் பழைய உளித் தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன. சின்னப் பாட்டி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"இத வெட்டனவங்களுக்கு ராத்திரி சோறு போட்டாங்களா?"

நான் என்ன பதில் சொல்வேன்? மலைக்கு முதல் மண் வெட்டிய கவர்னரின் பெயர் எனக்குத் தெரியும். பல் சக்கரம் கண்டுபிடித்தவரின் பெயரும் தெரியும். பாறையை வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

குன்னூரில் டீ குடிக்கும்போது, கொஞ்சம் மனம் இளகியிருந்த சமயம் பார்த்து, "தாத்தா பேரு என்ன பாட்டி?" என்று கேட்டேன். அந்தக் காலத்துப் பெண்பிள்ளை புருஷன் பெயரைச் சொல்வாளா? முகத்தில் நாணம் வந்துவிட்டது. அறுபத்து மூன்று வயதில்! "குன்றத்தூர் சாமி பேரு" என்றாள். முருகனுக்கு ஆயிரம் பெயர் இருக்கிறதே என்றேன். "ஆயிரத்துல ஒண்ணு" என்று முடித்துவிட்டாள்.

நீங்கள் இந்த ரயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால், பெரும்பாலும் ஒரு சினிமா மூலமாகத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1957-ல் வந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற இங்கிலீஷ் படம் ஏழு ஆஸ்கார் பரிசு வாங்கியது. பாலத்தைச் சயாமில் கட்டவில்லை. இலங்கையில் கித்துல்கல என்ற இடத்தில், களனி ஆற்றின் மேல் கட்டிப் படம் பிடித்தார்கள். படம் விறுவிறுப்பானதுதான். வெள்ளைக்காரக் கைதிகளின் கம்பீரத்தையும் கஷ்டத்தையும் பார்த்து நாமும் கண் கலங்கலாம். ஆனால் அதில் வேட்டி கட்டிய தமிழன் ஒருவனைத் தேடிப் பாருங்கள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்றே ஒரு நாவல் எழுதி, அந்தக் குறையைத் தமிழில் ஓரளவு தீர்த்து வைத்திருக்கிறார்.

யுத்தம் முடிந்ததும், 1945 செப்டம்பர், அக்டோபரில், பிரிட்டிஷார் ஒரு குழுவை அந்தப் பாதை நெடுகிலும் அனுப்பிக் கைதிகளின் புதைகுழிகளைத் தேடினார்கள். யார், எங்கே, எந்தத் தேதியில் என்று கைதிகள் உயிருக்குப் பயந்தபடியே குறிப்பு எழுதி, மண்ணில் புதைத்து வைத்திருந்தார்கள். அந்தக் காகிதங்களைக் கொண்டு 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று காஞ்சனபுரி நகரத்தின் நடுவே 6,982 பேருக்குச் சுத்தமான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெரும்பாலான கல்லில் பெயரும் வயதும் பொறித்து, சிலவற்றில் தாயோ மனைவியோ அனுப்பிய ஒரு வாக்கியமும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் நமக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது. ஆனால் அவர்களைப் போல் ஏழு மடங்கு பேர் அதே மண்ணில் கிடக்கிறார்கள். பெயர் பொறித்த கல் அவர்களுக்கு இல்லை. அண்மை ஆண்டுகளில்தான் மலேசியத் தமிழர்களின் விடாமுயற்சியால் அங்கே அவர்கள் நினைவாகத் தமிழில் ஒரு நடுகல் எழுந்திருக்கிறது.

அந்தப் பாதையில் பெரும் பகுதி பிறகு பெயர்க்கப்பட்டுவிட்டது. நாம் டோக் என்ற இடம் வரையில், சுமார் 130 கிலோமீட்டர், தாய்லாந்து ரயில் இன்றும் ஓடுகிறது. உல்லாசப் பிரயாணிகள் வாம்போ மலைச்சரிவில் நிற்கும் மரப்பாலத்தின் மேல் வண்டி ஊர்கிறபோது, நாம் ஊட்டி ரயிலில் செய்வதைப் போலவே, தலையை வெளியே நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துப் பார்க்கிறேன். வாரியத்தில் இருக்க யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று அதில் விவரமாக எழுதியிருக்கிறது. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது! ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், ஏரி மராமத்துக்கும் தோட்டத்துக்கும் இவ்வளவு கண்டிப்பான கணக்குக் கேட்ட ஊர் எங்கள் ஊர். ஆட்களை ஆயிரக்கணக்கில் வண்டியில் ஏற்றிப் போனவர்கள், கூலி பேசி அழைத்தவர்கள், யுத்தம் முடிந்து ரயிலை விற்றுப் பணம் வாங்கியவர்கள் என்று எத்தனையோ பேர் அந்தப் பாதையின் பொறுப்பில் இருந்தார்கள். எங்கள் வீட்டு மனிதருக்கு ஒருவரும் கணக்குக் காட்டவில்லை.

சின்னப் பாட்டி 1984-ல் காலமானாள். "என்னைச் சுமங்கலியாத்தான் அனுப்பணும்" என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள். தெருவில் கசமுசவென்று பேச்சு எழாமல் இல்லை. என் பாட்டி, எண்பது வயதுக்காரி, திண்ணையில் நின்று, "எந்தத் தேதியில அவ அறுத்தா? சொல்லுங்கடி!" என்று ஓர் அதட்டல் போட்டாள். பேச்சு அடங்கிற்று. மஞ்சள் பூசி, சிவப்புப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து அனுப்பினோம்.

அவளுடைய தகரப் பெட்டியில் பழைய புடவைகளுக்கு அடியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அதில் மணியார்டர்க் கூப்பன்கள் பதினெட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவள்; ஒன்றுகூடக் கசங்காமல் அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் அனுப்பியவர் பெயர் இருந்தது. முருகன் பெயர்தான். ஆயிரத்தில் ஒன்று! அன்றைக்கே அந்தப் பெயரை, தகப்பனார் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். புரட்டாசி மாதத்து மகாளய அமாவாசையில் எங்கள் வீட்டில் இரண்டு பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள். நாள் தெரியாதவர்களுக்கென்றே பெரியவர்கள் வைத்த நாள் அது.

வாசகச் சகோதரிகளே, உங்களில் தஞ்சாவூர்ப் பக்கத்தவர் இருப்பீர்கள். திருச்சி, சேலம், வடாற்காடு, செங்கற்பட்டுக்காரர்கள் இருப்பீர்கள். மலாயாவுக்கு ஆள் போகாத தாலுகா இந்தச் சீமையில் அபூர்வம். உங்கள் வீட்டிலும், "அவர் மலாயாவுக்குப் போனார், அப்புறம் தகவல் இல்லை" என்று பேச்சோடு பேச்சாக யாரையாவது பற்றிச் சொல்லியிருக்கலாம். அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடாதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பரணில் கிடக்கும் பெட்டியைத் தூசி தட்டித் திறந்து பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று ஐந்து விவரம் கிடைத்தால் போதும். மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கமானாலும் சரி, இன்றைக்கே எழுதிப் போட்டுவிடுங்கள். கூச்சப்பட்டுப் பெயரைச் சொல்லாத பாட்டிமார்களிடம், "நீங்க சொல்ல வேணாம், சாமி பேரை மட்டும் சொல்லுங்க, மத்ததை நாங்க கண்டுபிடிச்சுக்கறோம்" என்று சொல்லுங்கள்.